கட்டுச்சோற்றுக்குள் பெருச்சாளி

ரித்திகாவை உயிரோடு மாஜிஸ்ட்ரேட் முன்னால் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அந்த ஆவணியில் எனக்கிருந்த வேலை அது ஒன்றுதான். மற்றதெல்லாம் கிடக்கட்டும் என்று விட்டிருந்தேன்.

என் பெயர் மாசாணியம்மாள். பல்லடத்துக்கு வெளியே, தறி ஓடாமல் பூட்டிக் கிடந்த விசைத்தறிக் கூடம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, அடிபட்ட பெண்களுக்கு ஓர் இல்லம் நடத்திவந்தேன். வாசலில் போர்டு கிடையாது. கேட்பவர்களிடம் தையல் யூனிட் என்போம். புருஷனிடம் உதை வாங்கியவள், மாமியார் சூடு வைத்தவள், சாதி விட்டுக் கட்டிக்கொண்டு ஓடிவந்தவள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். எனக்கு வாய் நீளம் என்று ஊரில் பேர். இருக்கட்டும். வாயில்லாப் பூச்சியாக இருந்தால் இந்த வேலையில் ஒரு மாதம் தாங்க முடியாது.

ரித்திகா கோழிப்பண்ணையும் தென்னந்தோப்புமாக வாழ்ந்த வீட்டுப் பெண். காலனிப் பையன் தமிழ்வேந்தனைக் கட்டிக்கொண்டாள். ஒருநாள் இரண்டு பேரும் பைக்கில் போகும்போது, கோழி ஏற்றும் வண்டி ஒன்று பின்னாலிருந்து இடித்தது. இவள் சோளக்காட்டில் போய் விழுந்தாள். அவன் மேல் வண்டி ஏறியது. ஏறிய வண்டி நின்று, ரிவர்ஸ் எடுத்து, மறுபடியும் ஏறியது. ஓட்டியவன் அவளுடைய சொந்தத் தாய்மாமன் திருமலைசாமி. அதைக் கண்ணால் பார்த்தது இவள் ஒருத்திதான்.

போலீஸ் விபத்து என்று எழுதிக் கையைக் கழுவியது. தமிழ்வேந்தன் ஒரு காலைக் கொடுத்துவிட்டுக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தான். வக்கீல் வைத்து முட்டி மோதி, இவள் வாக்குமூலத்தை மாஜிஸ்ட்ரேட்டே எடுக்க நாள் வாங்கியிருந்தோம். அதற்குள் இவள் வாயை அடைத்துவிட்டால் மாமனுக்கு எதிராகக் கேஸே கிடையாது. வயிற்றில் ஏழு மாதம் வேறு. ராத்திரி நாய் குரைத்தால்கூட எழுந்து உட்கார்ந்துகொள்வாள், பாவி மகள்.

இந்த நேரத்தில்தான் 'கொங்குக் கரங்கள்' சமூக அறக்கட்டளை எங்களுக்கு நிதி தர முன்வந்தது. கோயம்புத்தூரில் பம்பு செட் செய்பவர்கள், மில் வைத்திருப்பவர்கள், டாக்டர்கள் எல்லாம் ஆளுக்கொரு கை போட்டு, வருஷா வருஷம் எங்களைப் போன்ற சின்ன அமைப்புகளுக்குக் கொடுப்பார்கள். நான் கேட்டது ஒன்றே ஒன்று, காம்பவுண்டு சுவர். முள்வேலிதான் இருந்தது. இரண்டு ஆள் உயரத்துக்குச் சுவரும் ஓர் இரும்புக் கேட்டும் இருந்தால் போதும் என்று எழுதிக் கொடுத்தேன்.

தேர்வுக் குழுவின் தலைவி ராசாத்தாளம்மா. பார்வையிட வந்தபோது, இங்கே கண்டதை வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். வந்த இடத்தில் ரித்திகாவைப் பார்த்துக் கண் கலங்கிவிட்டார்.

"ஏனுங்க மாசாணியம்மா, ஏழு மாசமாச்சே, இந்தப் புள்ளைக்குக் கட்டுச்சோறு கட்டினாங்களா?"

"ஆருங்க கட்டறது? பெத்தவங்களே பொதைக்கக் குழி வெட்டிப்போட்டு நிக்கறாங்க."

"அதுக்காக அப்படியே உட்டர்றதா? செக் குடுக்கற அன்னைக்கே வெச்சுக்கலாமுங்க. தாய் ஊட்டு மொறைக்கு நானே கொண்டாறேன்."

எங்கள் பக்கத்தில் மாசமான பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் ஏழு வகைச் சோறு கட்டி எடுத்துவந்து ஊட்டிவிடுவார்கள். அந்த வாய்ச்சோறு இல்லாமல் பிள்ளை பெற்றால் பெண்ணுக்கு ஆயுசுக்கும் குறை. ரித்திகாவும் அதை நினைத்து அழுதிருக்கிறாள். அதனால் நான் சரி என்றேன். உண்மையைச் சொன்னால், ராசாத்தாளம்மா மேல் எனக்கு மரியாதையே வந்துவிட்டது. பணம் கொடுக்கிறவர்கள் பத்திரிகைக்காரரைக் கூட்டிவருவார்கள். சோறு கட்டிவருகிறேன் என்று சொன்னவர் இவர் ஒருவர்தான்.

விழாவன்று காலையில் அறக்கட்டளைக் கார்கள் வந்தன. சலவை வேட்டிகள், பட்டுப் புடவைகள், ஒரு போட்டோகிராபர். ஆள் உயரத்துக்கு ஒரு தெர்மாகோல் செக்கையும் இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். எங்களுக்குப் போர்த்துவதற்குச் சரிகை போட்ட பொன்னாடைகள் ஒரு கட்டு.

யார் வந்தாலும் வாசலில் நான்தான் சோதிப்பேன். மில்லில் வேலை பார்த்த காலத்தில் ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் ஒரு கண்டு நூல் திருடினோமா என்று எங்கள் உடம்பைத் தடவிப் பார்ப்பார்கள். வெட்கத்தில் செத்துப்போவோம். அதில் கற்ற வித்தை இப்போது உதவுகிறது. ஒருமுறை பூக்கூடைக்குள்ளிருந்து ஆசிட் பாட்டில் எடுத்திருக்கிறேன். மில் முதலாளியோ மந்திரியோ, என் கை படாமல் யாரும் உள்ளே போக முடியாது.

ராசாத்தாளம்மாவின் காருக்குப் பின்னால் இன்னொரு கார் வந்து நின்றது. வெள்ளை வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர், வாட்டசாட்டமான இளைஞன் ஒருவன், தலைகுனிந்த பெண் ஒருத்தி. மூவர் கையிலும் பளபளவென்று பித்தளைத் தூக்குவாளிகள், எங்கள் பேச்சில் தூக்குப்போசிகள்.

"நம்ம ஒறம்பரைதானுங்க, சொந்தக்காரங்க," என்றார் ராசாத்தாளம்மா. அவர் முகத்தில் ஒரு கள்ளச் சிரிப்பு. "சோறு தூக்கறதுக்கு ஒத்தாசையா வந்திருக்காங்க."

பெரியவர் போசியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையும் கூப்பினார். "வணக்கமுங்க அம்மணி. நல்ல காரியம் செய்யறீங்க. நல்லா இருக்கோணும்." பாகாய் இனித்தது பேச்சு.

ஆண்கள் இருவரையும் இடுப்புவரை தடவினேன். கார் சாவி, செல்போன், வெற்றிலைப் பொட்டலம். எடுத்துக் கூடையில் போட்டேன். பிறகு ஒரு போசியின் மூடியைத் திறந்து புளிச்சோற்றுக்குள் கையை விடப் போனேன்.

"ஐயோ, சோத்தைத் தொட்டுப்போடாதீங்க!" ராசாத்தாளம்மா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். "கட்டுச்சோறுங்க. மாசமா இருக்கறவ முன்னாலதான் தொறக்கோணும். அதுக்கு முன்ன... வேத்துக் கை படக்கூடாதுங்க. சாஸ்திரம். தப்பா நெனச்சுக்காதீங்க."

வேற்றுக் கை. எவ்வளவு மரியாதையான சொல்! எங்கள் ஊர்ப் பக்கம் தள்ளி நில் என்பதைக்கூட 'ங்க' போட்டுத்தான் சொல்வார்கள். அறக்கட்டளைக்காரர்கள் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். போட்டோகிராபர் மணியைப் பார்த்தான். என் கையை உதறி எடுத்துக்கொண்டு வழி விட்டேன்.

உள்ளே, தறிகளை ஓரம் தள்ளிய கூடத்தில் ஜமுக்காளம் விரித்திருந்தோம். ரித்திகா பச்சைப் புடவை கட்டி நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவள் தலை நிமிர்ந்தாள். முகத்திலிருந்த ரத்தமெல்லாம் வடிந்துவிட்டது.

"அம்மா," என்றாள் முதலில். அடுத்த கணம், "ஐயோ, மாமா!" என்று அலறிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வந்திருந்தது திருமலைசாமி. கூட வந்தவன் அவளுடைய அண்ணன் கிருபாசங்கர். தலைகுனிந்து நின்றவள் பெற்ற தாய் காளியாத்தாள்.

"என்னங்க இது?" என்று ராசாத்தாளம்மாவைப் பார்த்துக் கத்தினேன். "உங்களுக்கு மூளை கீளை இருக்குதா?"

"சத்தம் போடாதீங்க மாசாணியம்மா. கொலதெய்வக் கோயல்ல இவங்கம்மா என்ற காலைக் கட்டிட்டு அழுதாங்க. மாமனே முன்ன நின்னு சீர் செய்யறேன்னு சத்தியம் பண்ணினாருங்க. நடந்தது ஆக்சிடெண்டு. கட்டுச்சோறு கொண்டார மாமன் கெட்ட எண்ணத்தோட வருவாருங்களா? அப்படி எங்கயாச்சும் நடந்திருக்குதா?"

அந்த அம்மாள் நம்பியேதான் சொன்னார். அதுதான் கொடுமை. சீர் சுமந்த கை அரிவாள் எடுக்காது என்று அவருக்கு யாரோ பிறந்தபோதே காதில் ஊதியிருக்கிறார்கள். வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் கட்டி, அதைக் குடும்பம் சேர்த்துவைத்த வெற்றிக் கதையாகப் படம் எடுக்கப் போட்டோகிராபரையும் கூட்டிவந்திருந்தார்.

நான் நடுவில் பாய்வதற்குள் காளியாத்தாள் ஓடிப்போய் மகளைக் கட்டிக்கொண்டாள். தாயும் மகளும் அழுத அழுகையில் வேட்டிக்காரர்கள்கூட மூக்கை உறிஞ்சினார்கள். கேமரா பளிச் பளிச் என்றது.

திருமலைசாமி நிதானமாக ஜமுக்காளத்தில் உட்கார்ந்தான். "ஆனது ஆச்சுங்க. பெரியவங்க எல்லாம் மன்னிச்சுக்கோணும். வா அம்மணி, வந்து உக்காரு. மொத வாய் மாமன் கையாலதான் ஊட்டோணும்."

போசியின் மூடியை எடுத்து வைத்துவிட்டுப் புளிச்சோற்றுக்குள் கையை விட்டான். சோறு எடுப்பவன் விரலால் எடுப்பான். இவன் கை மணிக்கட்டுவரை உள்ளே போனது. பிறகு முழங்கைவரை போனது. துழாவினான். நெற்றி வேர்த்தது. போசியை மடியோடு அணைத்துக்கொண்டு இன்னும் ஆழமாகத் துழாவினான். கட்டுச்சோற்றுக்குள் பெருச்சாளியை வைத்துக் கட்டியது போல என்று சும்மாவா சொன்னார்கள்!

அவன் மெல்லத் தலையைத் திருப்பித் தங்கையைப் பார்த்தான்.

காளியாத்தாள் மகளை விடவில்லை. சாதாரணமாக, அடுப்படியில் பதில் சொல்வதுபோலச் சொன்னாள். "அதுல இல்லீங்கண்ணா. வர்ற வழியில நீங்க டீ குடிக்க எறங்குனீங்கல்லங்க, அப்பவே எடுத்து வாய்க்கால்ல போட்டுட்டனுங்க."

ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. ராசாத்தாளம்மாவின் உதட்டில் அந்தச் சிரிப்பு அப்படியே உறைந்திருந்தது.

அப்புறம் அவன் எழுந்தான். போசியைக் காதுப்பிடியோடு தூக்கித் தங்கையின் தலையில் ஓங்கி அடித்தான். பித்தளை மண்டையில் பட்ட சத்தம் இன்றைக்கும் எனக்குக் கோயில் மணி கேட்டால் நினைவு வருகிறது. புளிச்சோறு நாலாபக்கமும் சிதறியது. அவள் மகள்மேலேயே கவிழ்ந்தாள். கவிழ்ந்தவளை விடாமல் அடித்தான். "கூடப் பொறந்து கழுத்தறுத்தயே! கூடப் பொறந்து கழுத்தறுத்தயே!" அடிக்கு ஒருமுறை அதையே சொன்னான். காளியாத்தாள் இரண்டு கையாலும் மகளின் வயிற்றைப் பொத்திக்கொண்டு கிடந்தாள். முதுகை மட்டும் அண்ணனுக்குக் கொடுத்திருந்தாள்.

கிருபாசங்கர் ரித்திகாவின் கூந்தலைக் கையில் சுற்றித் தாயின் அடியிலிருந்து வெளியே இழுத்தான். வயிற்றை நோக்கிக் காலைத் தூக்கினான். தறியோரம் பழைய நாடாக்கள் கிடந்தன. நூல் சுற்றிக்கொண்டு தறியில் இங்குமங்கும் பாயும் கட்டைதான் நாடா. இரண்டு முனையிலும் இரும்புக் கூர் இருக்கும். ஒன்றை எடுத்து அவன் தொடையில் முழு பலத்தோடு குத்தினேன். குத்தியதைத் திருகினேன். நாய் மாதிரி ஊளையிட்டான். கூந்தலை விட்டுவிட்டு என் கழுத்தைப் பிடித்தான். அவன் கட்டைவிரலைக் கடித்தேன். எலும்பு பல்லில் பட்டது. விடவில்லை.

"அக்கா, தலையைக் குனிங்க!" என்று ஒரு குரல். எங்கள் சமையல்காரி ஆஃப்ரின். உக்கடத்தில் புருஷன் காய்ச்சிய இஸ்திரிப் பெட்டியால் முதுகில் சூடு வைத்து விரட்டப்பட்டவள். கொதிக்கிற ரசக் குண்டாவைத் துணி சுற்றித் தூக்கிவந்து திருமலைசாமியின் கழுத்தோரம் கவிழ்த்தாள். அவன் போட்ட அலறலில் ஓட்டுக்கூரைப் புறா எல்லாம் பறந்தது. அப்புறம் எங்கள் பெண்கள் யாரையும் யாராலும் தடுக்க முடியவில்லை. துடைப்பம், பூரிக்கட்டை, தறிக்கட்டை எல்லாம் கைக்கு வந்தது. எத்தனை வருஷம் வாங்கிய அடியோ, அத்தனையும் அந்த இரண்டு பேர் உடம்பில் இறங்கியது. நானும் அடித்தேன். பொய் சொல்லமாட்டேன், அடிக்க அடிக்க எனக்கு நன்றாக இருந்தது.

அறக்கட்டளைப் பெருமக்கள் என்ன செய்தார்கள் என்று கேட்கிறீர்களா? தெர்மாகோல் செக்குக்குப் பின்னால் பதுங்கி நின்றார்கள். செக்கின் மேல் ரத்தமும் ரசமும் தெறித்திருந்தது. எங்களுக்குப் போர்த்த வந்த பொன்னாடைகளை முறுக்கித்தான் இரண்டு பேரையும் கை கால் சேர்த்துத் தறியோடு கட்டினோம். சரிகை நல்ல உறுதி.

ரித்திகாவுக்கு நெற்றியில் வெட்டு, கொத்தாக முடி போயிருந்தது. வயிற்றில் ஒன்றும் படவில்லை. அவள் மடியில் காளியாத்தாளின் தலை இருந்தது. காதிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது.

"உள்ள கத்தி வெச்சிருந்தது தெரிஞ்சுதான் சோறு கட்டுனயா அம்மா?" என்று ரித்திகா கேட்டாள்.

"கட்டாட்டி உட்டுப்போட்டு வந்திருப்பாங்க கண்ணு. உன்னையப் பாக்கறதுக்கு எனக்கு வேற வழி?" மூச்சு வாங்கியது. "நம்மூட்டுக் கத்திதான். தேங்கா ஒடைக்கறது."

ஆம்புலன்ஸ் வரத் தாமதமானது. காளியாத்தாள் கண்ணைச் சுழற்றி என்னைத் தேடினாள்.

"ஏனுங்கக்கா... தயிர்ச்சோத்துப் போசி கவுறாம நிக்குது பாருங்க. அவளுக்கு ஒரு வாய் ஊட்டி உட்ருங்க. என்ற கை எந்திரிக்க மாட்டீங்குது."

"நானுங்களா?" என்றேன். "வேத்துக் கை படக்கூடாதுன்னாங்களே."

"நீங்கதானுங்க அவளை வெச்சிருந்தீங்க. நீங்க ஊட்டுங்க."

அந்த ரத்தத்துக்கு நடுவில் உட்கார்ந்து ஊட்டினேன். என் கையில் கிருபாசங்கரின் ரத்தம் காய்ந்திருந்தது. புடவையில் துடைத்துவிட்டு ஒரு கவளம் எடுத்தேன். ரித்திகாவால் விழுங்க முடியவில்லை. தாய் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதற்காக விழுங்கினாள். இன்னொரு வாய் ஊட்டினேன். காளியாத்தாள் அதையும் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

பிணவறை வாசலில் ராசாத்தாளம்மா என் கையைப் பிடிக்க வந்தார். ஓங்கி ஓர் அறை விட்டேன். அவருடைய வைரத்தோடு கழன்று கீழே விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

"கையெழுத்துப் போட்டீங்கல்ல? வெளிய சொல்லமாட்டேன்னு போட்டீங்கல்ல? சாஸ்திரமாம் சாஸ்திரம்! என்ற கையை அந்தச் சோத்துக்குள்ள உட்டிருந்தாலும், அவ முன்னயே எடுத்துப்போட்டதால கத்தி இல்லீன்னு நானே வழி உட்டிருப்பேன். அது வேற கதை. ஆனா அந்தக் கத்தியை எடுத்துப்போட ஒரு தாயி சாக வேண்டியதா போச்சே! உங்க சாஸ்திரத்துக்குக் காவல் அவளா காக்கோணும்?"

அவர் விலகாமல் அடுத்த அறைக்கும் நின்றார். அந்த மாதிரி ஓர் ஆளை அடித்தால் கை வலிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

சாயங்காலம் அறக்கட்டளைச் செயலாளர் போன் செய்தார். "அம்மா, குடுத்த நிதி குடுத்ததுதானுங்க. செவுத்தை எத்தனை ஒசரம் வேணுமோ கட்டிக்கங்க. கம்ப்ளைண்டுல நம்ம விழாங்கறது மட்டும் வராமப் பாத்துக்குங்க. ரெண்டு கோஷ்டி சண்டைன்னு எழுதினா எல்லாத்துக்கும் நல்லதுங்க."

"அந்த செக்கை நீங்களே வெச்சுக்கங்க," என்றேன். "அடுத்த வாட்டி ஒளியறதுக்கு ஆகும்." போனை வைத்துவிட்டேன்.

விழா என்று சொல்ல யாரும் இல்லாமல் போகும் என்றுதான் நினைத்தேன். மறுநாள் ராசாத்தாளம்மா தனியாகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தார். அவர்களைக் கூட்டிவந்தது நான்தான், சோற்றைச் சோதிக்கவிடாமல் தடுத்ததும் நான்தான், திருமலைசாமி சோற்றுக்குள் தேடியதைக் கண்ணால் பார்த்தேன், அந்தப் பொம்பளை சொன்ன சொல்லைக் காதால் கேட்டேன் என்று ஒன்று விடாமல் சொன்னார். இன்ஸ்பெக்டர் இரண்டுமுறை, "யோசிச்சு சொல்லுங்கம்மா, உங்க சொந்தமாச்சே," என்றார். "எழுதுங்க," என்றார் இவர். அதற்குப் பிறகு குலதெய்வக் கோயில் பொங்கலுக்கு அவரை யாரும் அழைக்கவில்லையாம். அறக்கட்டளையிலும் அவர் பெயரை எடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் ஆறுதல் சொல்லப் போகவில்லை.

குறித்த நாளில் ரித்திகா மாஜிஸ்ட்ரேட் முன்னால் நின்றாள். நெற்றியில் தையல், மொட்டையாகிப்போன ஒரு பக்கத் தலை, தள்ளிய வயிறு. ரிவர்ஸ் எடுத்த வண்டியைப் பற்றி ஆரம்பித்து, போசியில் முடித்தாள். குரல் நடுங்கவே இல்லை. மாமனும் அண்ணனும் உள்ளே இருக்கிறார்கள்.

இல்லத்தை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டோம். எங்கே என்று சொல்லமாட்டேன். ஐப்பசி மழையில் ரித்திகாவுக்கு ஆண் குழந்தை பிறந்தது. அரசு ஆஸ்பத்திரி வார்டு வாசலில் ஸ்டூல் போட்டு நான் உட்கார்ந்திருந்தேன். உள்ளே தமிழ்வேந்தன் ஊன்றுகோலைக் கட்டிலில் சாய்த்துவிட்டுப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

வராந்தா முனையில் ராசாத்தாளம்மா வந்தார். காதில் தோடு இல்லை. கையில் ஒரு தூக்குப்போசி. என் முன்னால் வந்து நின்றார்.

"பெத்தவளுக்குப் பத்தியச் சோறுங்க. பூண்டு போட்டது."

நான் எழுந்திருக்கவில்லை. "தொறங்க," என்றேன்.

திறந்தார். கையை மணிக்கட்டுவரை விட்டேன். சோறு சுட்டது. அடிவரை போய், சுற்றிலும் துழாவினேன். பூண்டும் மிளகும் தவிர ஒன்றும் இல்லை. நான் துழாவி முடிக்கும்வரை அவர் போசியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார்.

கையை எடுத்துப் புடவையில் துடைத்துக்கொண்டேன்.

"உள்ள போங்க," என்றேன். "அவ இன்னும் சாப்புடல."